பதினேழாம் சந்துக்கு இரண்டு வண்டி

தைவானில் குப்பை தரையைத் தொடக்கூடாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பையோடு ஓட வேண்டும். ஒரு சந்துக்கு நாளுக்கு ஒரே வண்டி; எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்கு என்பதை நகராட்சிக் கணினி தீர்மானிக்கும். அதைப் பார்த்துக்கொண்டது நானும் யூலானும். இருவருக்கும் வீடு பதினேழாம் சந்தில்.

யூலான் காலை முறைக்காரி. அவளுக்கு மாலை ஐந்து மணி வண்டி வேண்டும். நான் வீடு சேர ஆறரை ஆகும், எனக்கு ஏழு. இறால் தின்றவனே அதன் ஓட்டையும் எறிய வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். ஜூலை வெயிலில் நான்கு நாள் ஓடு பால்கனியில் கிடந்தது. புறாக்கள் வேறு வட்டத்துக்குக் குடிபோய்விட்டன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது போகணும், இல்ல நீங்க போகணும்," என்றாள் மனைவி.

கணினி தினமும் காலையில் எழும்போது அமைப்புக் கோப்புகளை வரிசையாகப் படிக்கும். இரண்டு கோப்பு முரண்பட்டால் கடைசியாகப் படித்ததே செல்லும். என் கோப்புக்கு ஐம்பது என்று எண் வைத்தேன். யூலான் அறுபது வைத்தாள். நான் எழுபது. அவள் ஒரேயடியாகத் தொண்ணூற்றொன்பதுக்குத் தாவினாள். நான் நூறு வைத்துவிட்டு, வியாழன் மாலை ஏழு மணிக்குப் பையோடு தெருவில் நின்றேன். பாட்டு வரவில்லை.

வெள்ளி காலை கணினியின் தலையைப் பார்த்தேன். அது ஒழுங்காக நடக்க, இந்த ஊர் வழக்கப்படி நாங்கள் மேலே படையலாக வைக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பை காலியாக இருந்தது.

"யூலான், யாரோ சாமி குத்தம் பண்ணிட்டாங்க!"

"லியாவ் அண்ணே, ஒங்க மீசையில துகள் ஒட்டியிருக்கு."

துடைத்துக்கொண்டேன். விசாரணை அத்தோடு முடிந்தது.

"கணினி கோப்பு நம்பர எண்ணாப் பாக்காதுண்ணே, ஒவ்வொரு இலக்கமா பாக்கும். நூறுல மொதல்ல ஒண்ணு, என்னோடதுல மொதல்ல ஒம்பது. ஒங்களுது முன்னாடியே போயிரும், கடைசியாப் படிக்கிறது என்னோடதுதான். நாப்பது வருசமா என்ன வேலை பாத்தீங்க?"

"இன்னைக்கு மட்டும் விட்டுக்குடும்மா. பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிட்டா."

"இறால விட்ருங்களேன்."

"அதுக்குப் பெட்டியே தேவல."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினாள்: பதினேழு கிழக்கு, ஐந்து மணி, பதினேழு மேற்கு, ஏழு மணி. கணினியை அணைத்து மறுபடி எழுப்பினாள். சந்தின் மொத்த நீளம் நாற்பது அடி. பதிலுக்கு, நான் புதிய பச்சைப் பை வாங்கி வைக்க வேண்டும், தொடக்கூடாது.

ஏழு மணிக்குப் பாட்டு வந்தது. மேற்குப் பதினேழின் மொத்த ஜனமுமாக நான் ஒருவனே திரண்டு வெளியே வந்தேன். ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பெரியவரே, வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லப்பா, ஒருத்தன் பொழைச்சுட்டான்," என்றேன்.