இழுபட்ட போல்ட்டும் நீண்டுபோன மெக்கானிக்கும்

பழைய போல்ட்டையே திரும்பத் திரும்ப மாட்டியதால் ஒரு மெக்கானிக் பதினொரு வருடத்தில் ஒன்றரை அடி வளர்ந்தான். அந்த மெக்கானிக் இதை எழுதுகிறவன்தான். ‘அவன்’ என்று எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது.

மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது மூடியைப் பிடிக்கிற சின்ன போல்ட்டுகளைத் துடைத்து மறுபடி போடலாம், குற்றமில்லை. பிஸ்டன் ராடைக் கிராங்கோடு பிடிக்கிற போல்ட் அப்படியல்ல. முடுக்கும்போதே அது மயிரிழை நீளும். மறுபடி முடுக்கினால் இன்னும் நீண்டு, நடுவில் மெலிந்து, ஒருநாள் வண்டி ஓடும்போதே அறும். இது தெருவுக்கே தெரியும். அவனிடம் சொன்னவர்களிடம், “போல்ட் என்ன பாலா, திரிஞ்சுபோறதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வான். அவன் மாட்டிய போல்ட் ஒன்றுகூட அறவில்லை என்பதும் உண்மை. இழுவையெல்லாம் அவன் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது. போல்ட்டுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், வீதம் வளர்ந்தான்.

முதல் நான்கு வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கடை வாசலின் நிலையை இரண்டு முறை உயர்த்திக் கட்டினார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அவன் மனைவி, கால்சட்டைகளுக்குக் கீழே துண்டு துண்டாகத் துணி வைத்துத் தைத்தாள். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்கிற பேராசையை அவனும் விட்டுவிட்டான். எதிர்க்கடை வெல்டர் தினமும் காலையில், “அண்ணே, மேல காத்து எப்படி?” என்று விசாரிப்பான். “சுத்தமா இருக்குடா, உன் வாய் நாத்தம் இதுவரைக்கும் எட்டல,” என்பான் இவன். இழுவையைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் மெக்கானிக் வேறு எங்கே கிடைப்பான் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பும் இருந்தது.

பதினோராவது வருடம் இடுப்பு மெலியத் தொடங்கியது. பெல்ட்டில் மாதத்துக்கு ஒரு ஓட்டை கூடியது. ஸ்பேனரை அழுத்தினால் முதுகில் ‘கிரீச்’ என்றது. மருத்துவர் இரண்டு படம் எடுத்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நிறையவே இருக்கிறது என்றார். அந்த வாரம்தான் மனைவியின் ரெட்டை சிலிண்டர் வண்டி பிரிபட்டுக் கிடந்தது. பழைய ராடு போல்ட் நான்கையும் மண்ணெண்ணெயில் கழுவி அவன் கையில் எடுக்க, அவள் ஒன்றைப் பிடுங்கி அவன் இடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே இடத்தில் மெலிந்திருந்தன.

“நீங்க நீண்டீங்க, துணி வச்சுத் தச்சேன். அறுந்தா என்னத்த வச்சுத் தைக்கிறது?”

அவன் மற்ற மூன்றையும் கீழே வைத்தான். அவளே போய்ப் புது போல்ட் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். அதுவரை படிக்கத் தெரியாதவன்; தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லிக்கொடுத்து, நாற்பத்தெட்டு வயதில்தான் அவனுக்கு எழுத்து வந்திருந்தது. டீ ஆறிப்போகும்வரை எழுத்துக் கூட்டிப் பெட்டியின் மேலிருந்ததைப் படித்தான்: ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவும்.

“இத முன்னாடியே போட்டிருக்கலாமே!”

“போட்டுத்தாங்க இருந்திருக்கும். நீங்க என்னைக்குப் பெட்டி வாங்குனீங்க?”

நான்கு புது போல்ட்டையும் தெரு பார்க்க முடுக்கினான். முதுகு சத்தம் போடவில்லை. வெல்டர் மட்டும் கைதட்டினான். பிறகு பழைய போல்ட்டோடு ஓடிக்கொண்டிருந்த முப்பத்தாறு வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மாற்றிக்கொடுத்தான். ஒவ்வொன்று முடிந்ததும் சுவரோரம் நின்று அளந்து பார்த்தான். இடுப்பு மெலிவது நின்றது. உயரம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. இழுபட்ட போல்ட் சுருங்காது என்று வருகிறவர்களிடம் இப்போது அவனே விளக்குகிறான். ஆளைப் பார்த்ததும் அவர்கள் நம்பிவிடுகிறார்கள். வீட்டில் நடக்கும்போது அவன் கழுத்தில் மாட்டாதபடி மனைவி ஸ்டூலில் ஏறித் துணிக்கொடியை உயர்த்திக் கட்டிவிட்டாள். அது அவளுக்கு எட்டாது. அதனால் துணி காயப்போடுவது அவன் வேலை.