எட்டாவது கிண்ணத்தின் கோடு

ஆற்றங்கரையில் கொட்டிக் கிடக்கும் பீங்கான் உடைசல் மேட்டில் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டைப் பிசக்கிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர் நியே பின். குடித்துவிட்டுத்தான் விழுந்தார், அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் காலையிலேயே ஹுய்ஜிங் சாமி வந்துவிட்டார். அவர் மடத்தில் சியென்லுங் ராஜா காலத்துக் கிண்ணங்கள் எட்டு இருந்தன. வெள்ளைப் பீங்கான், அதில் எனாமல் வண்ணத்தில் புத்தரின் எட்டு மங்கலச் சின்னங்கள். ஒன்று உடைந்துவிட்டது. குவான்யின் அம்மன் பிறந்தநாளுக்குள் இணை சேர்க்க வேண்டும் என்று, மாதிரிக்கு ஒரு கிண்ணத்தைப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எதிர்வீட்டு யுவானுக்குக் குடுத்துடுங்க சாமி. என் கை இந்த லட்சணத்துல இருக்கு" என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சிங்தெசென் ஊர்ப் பீங்கான் தெருவில் படத்தின் கோட்டை ஆண்கள் போடுவார்கள்; கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது பெண்கள். இருபத்திரண்டு வருஷம் இவர் கோட்டுக்குள் நிரப்பியிருக்கிறேன். கோட்டுத் தூரிகையைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதுதான் சரி.

"எதுக்கு யுவான்? நான் போடுறேன்."

"அடியே குயிஹுவா, தெருவே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். சரியா வந்தா இனிமே அந்தத் தூரிகை என்னோடது. வரலைன்னா சாகுற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சாமி சாட்சி."

சாமி தேநீரை உறிஞ்சியபடி தலையாட்டினார். இவரும் சரி என்றார். நான் தோற்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

வெறும் கிண்ணத்தை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து ஆரம்பித்தேன். முதலில் சக்கரம். அதில் குறை சொல்ல இவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்துச் சங்கு. அதற்கடுத்துக் குடை போட்டேன். காம்பு மேலே போயிற்று.

"ஐயையோ! குடையைத் தலைகீழா போடுறா பாருங்க சாமி! அந்தச் சங்கும் அப்படித்தான் இருக்கு!"

சாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். விதானம், தாமரை, கலசம், இரட்டை மீன் என்று கை தானாக ஓடியது. கடைசியில் முடிவில்லா முடிச்சு. அதையும் ஒரே மூச்சில் முடித்து, கிண்ணத்தை நிமிர்த்திப் பழையதன் பக்கத்தில் வைத்தேன்.

எட்டுச் சின்னங்களும் நேராக நின்றன. சங்கின் சுழி, மீனின் செதில், ரிப்பன் மடிப்பு எல்லாம் அப்படியே. இவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிம்மா?" என்றார் சாமி.

"வண்ணம் நிரப்புறவங்க கிண்ணத்தைக் கவுத்துத்தான் பிடிப்போம் சாமி. இத்தனை வருஷமும் இதுங்களை நான் இப்படித்தான் பார்த்திருக்கேன்."

இவர் விடுவாரா? "எங்க, நேரா வச்சு ஒரு சங்கு போடு பார்ப்போம்" என்று உடைந்த தட்டொன்றை நீட்டினார். போட்டேன். சங்கு வரவில்லை, கத்திரிக்காய் வந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"சரி, சரி. உன்னை யாரு நேரா போடச் சொன்னா?" என்று சொல்லி, பிசகாத கையால் தூரிகையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

சாமி மூலம் செய்தி தெருவுக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் யுவானின் மனைவி எங்கள் வாசலில் நின்றாள். பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள். ஒவ்வொருத்தி இடது கையிலும் ஒரு வெற்றுக் கிண்ணம், கவிழ்த்தபடி.

"அக்கா," என்றாள் அவள், "எங்களுக்கும் மீன் இப்படித்தான் தெரியும்."