தூதுக்கிளி வழக்கு

தென்னாப்பிரிக்கப் போரில் வில்மட் துரை உளவு அதிகாரி. ஒரு குன்றைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "எதிரி யாருமில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி ஏறிய எழுபது சிப்பாய்களில் நாலு பேர்தான் இறங்கி வந்தார்கள். இப்பேர்ப்பட்ட கண்ணை வீணடிக்கலாமா? கேப்டனாகப் பதவி உயர்த்தி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

1901இல், அந்தப் போரில் பிடித்துக் கப்பலேற்றிக் காவேரிக்கரை முகாமொன்றில் அடைத்திருந்த போயர் கைதிகளில் மூன்று பேரைக் காணவில்லை. அவர்களைத் தேடித் துரை வந்து இறங்கிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஏன் இங்கே என்று கேட்கக் கூடாது. அது உளவு ரகசியம். ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த என்னை, கொழும்பில் இங்கிலீஷ் கற்ற குற்றத்துக்காக மொழிபெயர்க்கப் பிடித்துப்போட்டார்கள். என் பெயர் ஜெய்னுலாப்தீன். துரை முதல் நாளே எச்சரித்தார்: "சொன்னதை மட்டும் சொல். சொந்தமாக ஒரு சொல் சேர்த்தால் நீயும் கூட்டாளி."

பத்தே நாளில் துப்புத் துலங்கிவிட்டது. கோயிலில் ஆண்டாள் கையில் வைக்கத் தினமும் இலைகளால் புதுக்கிளி கட்டுகிறார்கள். மறுநாள் அது யாராவது ஒரு பக்தருக்குப் போகிறது. இன்று வன்னியம்பட்டிக்கு, நாளை ராஜபாளையத்துக்கு. துரை நாலு கிளிகளை வாங்கி மேசையில் வைத்து அறுத்தார். மாதுளம்பூ மூக்கு, வாழைநார், மூங்கில் குச்சி. இலைகளை எண்ணி அட்டவணை போட்டார். ஒரு கிளியில் ஒரு இலை கூடுதலாம். சங்கேதம்!

கிளி கட்டும் கண்ணபிரானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்துச் செண்பகத்தோப்பைத் தாண்டி எங்கும் போகாத மனுஷர். பதில் பிசகினால் ஜெயில் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"யார் உத்தரவில் இதைச் செய்கிறாய்?" என்று துரை கேட்கச் சொன்னார்.

"எல்லாம் தாயாரு உத்தரவுதான் ராவுத்தரே."

"அவள் இப்போது எங்கே?"

"சீரங்கத்துப் பெருமாளைக் கட்டிக்கிட்டு அங்கனயே போயிட்டாவ. காவேரிக்கரையில."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கணவன் என்ன செய்கிறான்?"

"அவிய எப்பவும் படுத்துத்தான் இருப்பாவ."

"கிளி எதற்கு?"

"தூதுக்குத்தான். தாயாரு சொல்லுததை அங்க போயிச் சொல்லும்."

'துரையே, அவர் சாமியைச் சொல்கிறார்.' இந்த ஒரு வரியை நான் சேர்த்திருக்கலாம். கடை இருக்கிறது, மகள் நூர்பானு இருக்கிறாள் என்று பயந்தேன். சொன்னதை மட்டும் சொன்னேன்.

கண்ணபிரானை உள்ளே தள்ளினார்கள். துரை அறிக்கை எழுதினார்: 'தலைவி ஓர் இளம்பெண். கணவன் படுத்த படுக்கை; காயம்பட்ட போயராக இருக்கலாம்.' மறுநாளும் கோயிலுக்குக் கிளி வந்தது. கண்ணபிரானின் தங்கை கமலவல்லி கட்டியிருந்தாள். கும்பல் பெரியது என்று துரை நூறு சிப்பாய்கள் கேட்டு எழுதினார்.

பதினெட்டாம் நாள் தகவல் வந்தது. காணாமல்போன மூவரும் அதே முகாமின் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார்களாம். அங்கே போய் எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணபிரானை விட்டுவிட்டார்கள். துரை சதியை முறியடித்ததால்தான் கைதிகள் முகாமைவிட்டு அசையவே முடியவில்லை என்று மேலிடம் அவரை மேஜராக்கியது. எனக்கும் ஒரு நற்சான்றிதழ் கிடைத்தது: 'நம்பகமானவர்.'

விடுதலையான இரண்டாம் நாள் கண்ணபிரான் ராஜபாளையத்துக்கே என் கடையைத் தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு இலைக்கிளி.

"தாயாரைப் பத்தி நான் சொன்னதை ஒரு சொல்லு மாத்தாம வெள்ளைக்காரன்கிட்டச் சொன்னீராம்லா. வேற ஆளுன்னா என்னத்தையாச்சும் கலந்திருப்பான். இந்தாரும், இன்னைக்கு இது உமக்கு."

இரு கைகளாலும் வாங்கினேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் தெருத் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, கிளியிடம் இங்கிலீஷில் சொன்னேன்: "துரையே, அவர் சாமியைச் சொல்கிறார்."