வாழைமரம் கட்டிய மெட்டல் டிடெக்டர்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி மகள் கல்யாணத்துக்கு மெட்டல் டிடெக்டர் வைத்தார். போலீஸ் உயர் அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அவர் பாதுகாப்பு எதுவும் கேட்கவில்லை. இவராகக் கொடுத்தார்.

மண்டபம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது. தென்காசியில் கண்காணிப்பு கேமரா கடை வைத்திருக்கும் பிரின்ஸ் முந்தின நாள் சாயங்காலமே மிஷினைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கதவைக் கழற்றிய நிலைபோல இருந்தது. உலோகத்தோடு யார் நுழைந்தாலும் கத்தும். மேலே ஐந்து சிவப்பு விளக்குகள். உலோகம் கூடினால் விளக்கும் கூடும். பிரின்ஸ் சோதித்துப் பார்த்தான். சாவிக்கொத்துக்கு இரண்டு விளக்கு. வெறுங்கைக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனான்.

காலையில் வந்தபோது மிஷினுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் நின்றது. குலையோடு. மிஷினோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். மாவிலைத் தோரணமும் கம்பியில்தான் தொங்கியது. அதைச் சுற்றி சீரியல் பல்பு.

ஆனி மாதக் காற்று. சாரல் வேறு. வாழை ஆடியது. மிஷின் கத்தியது. வாசலில் ஆள் யாரும் இல்லை.

"இதை அவுக்கணும் சார்" என்றான் பிரின்ஸ், சத்தம் கேட்டு வந்த சங்கிலிப்பாண்டியிடம்.

"எதை?"

"வாழையை. கம்பி ஆடுதுல்லா, அதான் அடிக்குது. சும்மா நிக்க இரும்பை மிஷின் கண்டுக்காது. ஆடுனா விடாது."

"ஏலே, கல்யாண வாசல்ல கட்டுன வாழையை அவுக்கச் சொல்லுதியா? உங்க கோயில்ல வந்து நான் மெழுகுவத்தியை ஊதுனா சும்மா இருப்பியா?"

"அப்ப கம்பியை எடுத்துட்டு சணல்ல கட்டச் சொல்லுங்க."

"அவுத்துக் கட்டுனா ரெண்டாங் கல்யாணம் ஆயிரும்லே. மிஷினைச் சரிபண்ணு."

மிஷினில் கோளாறு இல்லை. இருந்தாலும் பிரின்ஸ் அதைச் சரிபண்ணினான். சென்சிட்டிவிட்டி எண்பதில் இருந்தது. அறுபதுக்கு இறக்கினான். வாழைக்கு அடித்தது. நாற்பதிலும் அடித்தது. இருபதுக்கு வந்ததும் அடங்கியது. சாவிக்கொத்தோடு நுழைந்து பார்த்தான். அதற்கும் அடிக்கவில்லை.

"இப்ப இதுக்குக் காது கேக்காது சார்."

"சத்தம் நின்னுட்டுல்லா? அப்ப சரியாயிட்டு."

மணப்பெண் அனுசியாவின் பெரியம்மா சொக்கம்மாள் பன்னீர்ச் செம்போடு மிஷின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பெண் வீட்டார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மிஷின் வாய் திறக்கவில்லை. சங்கிலிப்பாண்டிக்குத் திருப்தி.

மாப்பிள்ளை வீட்டார் அச்சன்புதூர்க்காரர்கள். வருகிற வழியில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வேனிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை இறங்கவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் அவன் அம்மா உமாராணி வந்தாள். கழுத்தில் மூன்று அடுக்கு. இடுப்பில் ஒட்டியாணம். முழங்கை வரை வளையல். எல்லாரும் பார்க்கட்டும் என்று மெதுவாக மிஷினுக்குள் நுழைந்தாள். மெதுவாக மறுபக்கம் வந்தாள்.

மிஷின் சும்மா இருந்தது.

அவளை ஒட்டினாற்போலச் சமையல்காரர் ஒருவர் அவசரமாக நுழைந்தார். தோளில் சோறு கிண்டும் இரும்புச் சட்டுவம், கை நீளத்துக்கு. மிஷின் அலறியது. நான்கு விளக்கு எரிந்தது.

சொக்கம்மாள் பன்னீர் தெளிப்பதை நிறுத்தினாள்.

"என்ன மதினி, சட்டுவத்துக்கு அடிக்குது, ஒங்களுக்கு அடிக்கல? கவரிங்கா?"

முறைக்காரியைக் கேலி செய்ய அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உமாராணியின் சொந்தக்காரர்கள்.

உமாராணி திரும்பி வாசலுக்கு வெளியே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அது எனக்கு அடிக்கணும். அதுக்கப்புறந்தான் உள்ள வருவேன். இல்லேன்னா வேனைத் திருப்பச் சொல்லுங்க."

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி ஓடி வந்தார்.

"தங்கச்சி, மிஷின் கோளாறும்மா."

"சட்டுவத்துக்கு மட்டும் கோளாறு இல்லையோ அண்ணாச்சி?"

பிரின்ஸ் விளக்கினான். "இது தங்கம் பாக்க மிஷின் இல்லம்மா. கத்தி, துப்பாக்கி பாக்கது. தங்கம்னாலும் அடிக்கும். கவரிங்னாலும் அடிக்கும்."

"அப்ப எங்கிட்ட ரெண்டுமே இல்லேங்கியா?"

சங்கிலிப்பாண்டி பிரின்ஸை வாழை மறைவுக்கு இழுத்துப்போனார்.

"அவங்களுக்கு அடிக்கணும்லே."

"எண்பதுல வச்சா அடிக்கும் சார். வாழைக்கும் சேத்து அடிக்கும். ஆளே இல்லாம கத்துனா யாரு நம்புவா?"

சங்கிலிப்பாண்டி யோசித்தார். முப்பது வருடம் போலீஸில் இருந்தவர். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அவருக்குப் புதிதில்லை.

"அந்தச் சட்டுவத்தை வாங்கிட்டு வா. இங்கன மறைஞ்சு நில்லு. நான் இருமுனா உள்ள நீட்டு."

பிரின்ஸ் வாழை இலைக்குப் பின்னால் சட்டுவத்தோடு நின்றான். உமாராணி எழுந்து வந்தாள். சங்கிலிப்பாண்டி இருமினார். நான்கு விளக்கு எரிந்தது. வேனில் வந்தவர்கள் மூச்சு விட்டார்கள். சிரித்தவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

பிறகு உமாராணியின் தங்கை வந்தாள். அவளுக்கு முழுச் சட்டுவம் தேவைப்படவில்லை. பாதி நீட்டினான். மூன்று விளக்கு. மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்திக்கு நுனியை மட்டும் காட்டினான். ஒரு விளக்கு. சித்தி முகம் சுருங்கியது. சங்கிலிப்பாண்டிக்கு இருமி இருமித் தொண்டை கட்டிவிட்டது.

உமாராணி இப்போது வாசலுக்கு உள்பக்கம் நின்றாள்.

"எங்க நகை பேசிட்டு. உங்க நகையும் பேசட்டும். பொண்ணை வரச் சொல்லுங்க."

"தங்கச்சி, நேரம்..."

"வேன் இன்னும் நிக்கி அண்ணாச்சி."

மணப்பெண் அறை ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்தது. அனுசியா சட்டுவத்தை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சமையல்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்ததும் நகைகளைக் கழற்ற ஆரம்பித்தாள். ஆரம், வளையல், ஒட்டியாணம், தோடு. எல்லாவற்றையும் பெரியம்மா மடியில் போட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றாள் சொக்கம்மாள்.

அனுசியா வாழை இலையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பிரின்ஸ் அண்ணே, அதைக் கீழ வைங்க."

பிரின்ஸ் வைத்தான்.

மிஷின் கத்தாது. கத்தாத மிஷினைக் காட்டி மாமியாரிடம் நான்கு வார்த்தை கேட்கலாம். வேனில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் காதில் விழும். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்றுதான் வந்தாள். வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள்.

நுழைந்தாள். காற்று அடித்தது. இவ்வளவு நேரம் பிரின்ஸ் சாய்ந்து நின்றதில் கட்டு தளர்ந்திருந்தது. வாழை குலையோடு சரிந்து மிஷினில் மோதியது. மிஷின் அலறியது. ஐந்து விளக்கும் எரிந்தது.

உமாராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு குண்டுமணி நகை இல்ல. அஞ்சு வெளக்கு! மகாலட்சுமில்லா வந்திருக்கா!"

சொக்கம்மாள் குலவையிட்டாள். அனுசியா தயாராக வைத்திருந்த நான்கு வார்த்தைக்கும் வேலை இல்லாமல் போனது.

"வாழை விழுந்துச்சும்மா, அதான்" என்றான் பிரின்ஸ். மரத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"நகையைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை வா தாயி" என்றாள் உமாராணி. "எத்தனை எரியுதுன்னு பாப்போம்."

"மொத்தமே அஞ்சுதாம்மா இருக்கு."

அதையும் யாரும் கேட்கவில்லை. நான்கைந்து பெண்கள் சேர்ந்து நகைகளை அள்ளி அனுசியாவுக்குப் பூட்டினார்கள். திரும்ப வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். சமையல்காரர்கள் வந்து வாழையை நிமிர்த்தி, கூடுதலாக இன்னும் கொஞ்சம் கம்பி சுற்றினார்கள். சங்கிலிப்பாண்டி இருமினார். பிரின்ஸ் சட்டுவத்தை எடுத்தான்.

நான்கு விளக்கு.

உமாராணி விளக்கை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"நகை இல்லாம அஞ்சு. நகையோட நாலு. போட்டதும் ஒண்ணு கொறையுது. அப்ப அது என்ன நகை அண்ணாச்சி?"

சங்கிலிப்பாண்டி எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டவர். இந்தக் கேள்விக்கு வாழைக்குலையை அண்ணாந்து பார்த்தார். அனுசியாவின் நகை சுத்தத் தங்கம். அதைச் சொன்னால் சட்டுவத்தைச் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இல்லேன்னா வேனை எடுக்கச் சொல்லுதேன்."

"அத்தை" என்றாள் அனுசியா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நகையோட எனக்கும் நாலு, ஒங்களுக்கும் நாலு. சரிக்குச் சரி. நான் கழட்டிட்டு நடந்துட்டேன். இப்ப நீங்க கழட்டிட்டு வாங்க. பாப்போம், ஒங்களுக்கு எத்தனை எரியுதுன்னு."

உமாராணியின் கை கழுத்துக்குப் போனது. கொக்கியைத் தேடவில்லை. மூன்று அடுக்கையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டது.

சொக்கம்மாள் மடியை விரித்தாள். "இதுல போடுங்க மதினி. நான் பத்திரமா பாத்துக்கிடுதேன்."

உமாராணி தன் சொந்தக்காரர்களைப் பார்த்தாள். யாராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் நகர்ந்து வந்தார்கள். ஒன்றுவிட்ட சித்தி எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

"முகூர்த்தத்துக்கு நேரம் ஆகுது" என்றாள் உமாராணி. "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நின்னு என்ன வெளையாட்டு? அந்தப் பயலை வேன்ல இருந்து எறங்கச் சொல்லுங்க."

யாருக்கும் காத்திராமல் மேடையைப் பார்த்து நடந்தாள். கை இன்னும் கழுத்திலேயே இருந்தது.

மாப்பிள்ளை இறங்கி வந்தான். மிஷினுக்குள் நுழையும்போதுதான் போனைப் பையில் வைத்தான்.

"என்னாச்சு?" என்று அனுசியாவிடம் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. ஒங்க அம்மா அவசரப்படுதாங்க."

தாலி கட்டி முடிந்தது. பிரின்ஸ் சென்சிட்டிவிட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். சட்டுவத்தைச் சமையல்கட்டில் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் அதைக் கழுவாமல் சாதத்தில் போட்டார்கள்.

பந்தி நடக்கும்போது உயர் அதிகாரி வந்தார். கூடவே பாதுகாப்புக் காவலர், இடுப்பில் துப்பாக்கியோடு. இருவரும் வாழைக்குலைக்குத் தலையைக் குனிந்து மிஷினுக்குள் நுழைந்தார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை.

சங்கிலிப்பாண்டி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்காமல் வாய் ஓரத்தால் பிரின்ஸிடம் சொன்னார்.

"இப்பதாம்லே ஒழுங்கா வேலை செய்யுது."