திறக்காத கியர்பாக்ஸ்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவாள். வாய் பாட்டுக்கு வாய் பேசும், கால் பாட்டுக்குக் கால் காவல் காக்கும். யாரையும் அதட்டியதில்லை. "ஸ்டியரிங்கை ஏம்மா இப்படிக் கழுத்தை நெரிக்கிற? அது உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்பாள். பயந்துபோய் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிடுவாள். சிரித்ததும் பிடி தளரும், வண்டி நேராகப் போகும்.

ஒரே ஒரு ஆட்டோமேட்டிக் கார்தான் அவளுடைய பள்ளிக்கூடம். செகண்ட் ஹேண்டில் அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவரும், இரண்டாவது பிரேக்கைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுக் கூலி வேண்டாம் என்று சொன்னவரும் அவள் 'அண்ணே' என்று கூப்பிடும் மெக்கானிக். கியர்பாக்ஸ் வேலைக்கென்றே பட்டறை வைத்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, அவள் கணவரின் கூட்டாளி.

கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். ஒருநாள் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நெஞ்சு வலித்து, அந்த வலியோடு வண்டியை ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஓடியாடி எல்லாக் காரியமும் பார்த்தவர் அண்ணன். அவருடைய மனைவி, அண்ணி, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து மாதக்கணக்கில் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். வெளியே ஏதாவது கார் நிற்கிற சத்தம் கேட்டு அவள் எழுந்து கதவைத் திறக்கப் போகும்போதெல்லாம், "அவர் இல்லடி, படு" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தது அண்ணிதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் அண்ணி வீட்டில்தான் என்று ஆகிவிட்டது.

மழை விடாமல் பிடித்த ஒரு வாரத்தில் காரில் கோளாறு தலைகாட்டியது. கற்றுக்கொள்ள வந்த பெண் வேகம் கூட்டினாள். அடுத்த கியர் விழ வேண்டிய இடத்தில் இன்ஜின் ஊளையிட்டதே தவிர வண்டி வேகம் பிடிக்கவில்லை. அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கல்.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா!"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. ஓரமா நிறுத்து."

நேராக அண்ணன் பட்டறைக்குப் போனாள். எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சங்கிலியில் தொங்கும் கொக்கி, சுவரோரம் வயிறு பிளந்து கிடக்கும் கியர்பாக்ஸ்கள். அண்ணன் யாருடனோ போனில் பேசிக்கொண்டே சாவியை வாங்கினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, குனிந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பாக்ஸ் போச்சும்மா."

"முழுசாவாண்ணே?"

"உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சிருக்கும். இறக்கிப் பிரிச்சுக் கட்டணும்." நிமிர்ந்து அவளைப் பார்த்தவர் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். பிறகு, "உன் வீட்டுக்காரர் வண்டிக்கும் இதே கதைதானே ஆச்சு" என்று முடித்தார்.

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வாடகைக் காருக்கு இதே பட்டறையில் கியர்பாக்ஸ் கட்டுவதற்காகக் கணவர் கடன் வாங்கினார். கடனை அடைக்கப் பகல் சவாரி போதாமல் ராத்திரி சவாரியும் எடுத்தார். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து வருவார், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு மறுபடி கிளம்புவார். "கொஞ்ச நாள்தான், தலைக்கு மேல இருக்கிற பாரம் இறங்கிடும்" என்பார். பாரம் இறங்கி ஆறு மாதம்கூட அவர் இருக்கவில்லை.

அவர் சொன்ன தொகை அவளுடைய சேமிப்பைத் தாண்டியது. "உனக்குங்கிறதால கூலியில பாதிதான் போட்டிருக்கேன்" என்றார் அண்ணன். என்னென்ன வேலை, என்ன விலை என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. வேறொரு பட்டறையில் காட்டிப் பார்ப்போம் என்றும் தோன்றவில்லை. அண்ணனிடம் போய் அப்படிக் கேட்பதற்கு நாக்கு கூசியிருக்கும். "சரிண்ணே" என்றாள்.

கார் பட்டறையில் கிடந்த நாட்களில் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். ஒழுகும் கூரையைச் சரிபண்ண வைத்திருந்த பணம் போயிற்று, போதாததற்குக் கடனும் ஏறியது. நடுவில் ஒருநாள் அண்ணன் அவளைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். கருகிப்போன வட்டத் தகடுகள், அடியில் வெள்ளி மாதிரி மின்னும் இரும்புச் சேறு. "பாத்தியா, எப்படி வெந்து போயிருக்குன்னு?" அதைப் பார்த்து அவளுக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. பாவம், வண்டியை இப்படியா படுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கார் திரும்பி வந்தது. வெண்ணெயாய் ஓடியது. அடுத்த மழை வரும்வரை.

அந்த மழையன்று ஸ்டியரிங்கில் இருந்தவள் ஒரு இளம் வக்கீல். கோர்ட்டில் நீதிபதிக்கே பயப்படாதவள், ரோட்டில் லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள். ஊருக்கு வெளியே அகலமான சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அதே ஊளை, அதே உதை. அதன் பிறகு கியர் மாறவே இல்லை. ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டுபோய்க் கண்ணில் பட்ட முதல் பட்டறையில் நிறுத்தினார்கள்.

அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். எப்போது இப்படி ஆகிறது? மழையிலா, வெயிலிலா? கிளம்பினதுமா, சூடானப்புறமா? இதை யாரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப் பார்த்தார். பிறகு காரை மேலே தூக்கிவிட்டு டார்ச்சோடு அடியில் போனார்.

"கியர்பாக்ஸைப் பிரிச்சுக் கட்டினதா சொன்னீங்களே, எப்ப?"

"போன மாசம்."

"இங்க வந்து பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். காய்ந்து இறுகிய மண், பல வருஷத்து மண், கியர்பாக்ஸை அப்பிக்கொண்டிருந்தது. அவர் துணியால் ஒரு போல்ட்டைத் துடைத்தார். போல்ட்டின் தலையிலிருந்து பாக்ஸின் மேல்வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு.

"இது கம்பெனியில போடற அடையாளம். ஸ்பேனர் பட்டிருந்தா இந்தக் கோடு உடைஞ்சிருக்கும். எல்லா போல்ட்லயும் அப்படியே இருக்கு. இதை யாரும் இறக்கவே இல்லம்மா."

"பிளேட்டைக் காட்டினாரே. என் கண்ணால பார்த்தேன்."

"யார் வண்டிப் பிளேட்டு?"

அவர் அதற்கு மேல் குடையவில்லை. பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த ஒரு ஒயர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. கோளாறு அவ்வளவுதான். ஆனால் அவர் முகம் சுருங்கியது.

"இதைச் சமீபத்துல யாரோ துடைச்சிருக்காங்க. அரைகுறையா. எங்க கோளாறுன்னு தெரிஞ்ச ஆள்தான் துடைச்சிருக்கணும்."

புது பிளக் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் வாங்கிய தொகை, ஒரு வகுப்புக்கு அவள் வாங்குவதைவிடக் குறைவு. கேட்காமலே பழைய பிளக்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வக்கீல் கொதித்தாள். "போல்ட்டை எல்லாம் போட்டோ எடுத்துட்டேன்கா. ஒரு நோட்டீஸ் விட்டா அலறிட்டு வருவான். பில் இருக்கா? எழுதிக் கொடுத்தது ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பில் வாங்காமயா அவ்வளவு பணத்தைக் கொடுத்தீங்க? யார்க்கா அந்த ஆளு?"

"எங்க அண்ணன்."

வக்கீல் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். எதிரே லாரி வந்தபோதுகூடக் கண்ணை மூடவில்லை.

மறுநாள் அண்ணன் பட்டறைக்குப் போனாள். "வா வா, வண்டி எப்படி ஓடுது?" என்று சிரித்தபடி எழுந்தார்.

"பாக்ஸைத் திறக்கவே இல்லியாமேண்ணே."

"எவன் சொன்னான்? தொழில் தெரியாத பய எவனாவது..."

"நானே பார்த்தேன். பெயிண்ட் கோடு அப்படியே இருக்கு."

அண்ணனுடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சும்மா. உன் வண்டியை ஓட்டிட்டு இறங்கினேனா, வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னப்புறம்தான் எதிர்ல நிக்கறது நீன்னு உறைச்சுது. நீ ரெண்டு கேள்வி கேப்பேன்னு நினைச்சேன். எழுதிக் கொடுன்னுவே, கழட்டின சாமானைக் கொடுன்னுவே, வேற இடத்துல காட்டிட்டு வரேன்னுவே. ஒண்ணாவது கேட்டிருந்தா எதையாவது சொல்லிச் சமாளிச்சு மாத்தியிருப்பேன். நீ சரிண்ணேன்னுட்டே."

"அப்ப தப்பு என் மேலதானா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா."

பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயட்டும் என்று அவள் காத்திருந்தாள். கேட்காமல் போய்விடலாமா என்றும் நினைத்தாள். முடியவில்லை.

"அவரோட வண்டி?"

அண்ணன் நிமிரவில்லை.

"சொல்லுங்கண்ணே. அது நிஜமாவே போயிருந்துச்சா?"

'நிஜமாத்தாம்மா போயிருந்துச்சு' என்று அவர் சொல்லியிருக்கலாம். பொய்யாகவே இருந்தாலும் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஊருக்கெல்லாம் வாய் கூசாமல் பொய் சொன்ன மனிதர், ஒரு பொய் தேவைப்பட்ட இடத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் சொட்டும் முகத்தோடு வாசலில் நின்று செருப்பை மாட்டும் கணவர்தான் கண்ணுக்குள் வந்தார். அந்த ராத்திரிகள் இல்லாதிருந்தால் அவர் இருந்திருப்பாரா? யாரிடம் கேட்பது? எந்த டாக்டரால் சொல்ல முடியும்? ஒன்று மட்டும் தெரிந்தது. இனி அதை நினைக்காமல் ஒரு நாளும் கழியப்போவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணி அவள் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் போகாததைப் பற்றிச் செல்லமாகத் திட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட எங்க வீட்டுக்காரர் ஒரு காலத்துல கடன் வாங்கியிருந்தாராமே. எனக்கே இப்பத்தான் தெரியும். பட்டறையில ஒரு மெஷினை வித்துட்டு வந்து கொடுத்துட்டு வான்னாரு. செத்துப்போன மனுஷன் கேட்கவா போறாரு? இருந்தாலும் மறக்கல பாரு. இந்த விஷயத்துல மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாதுடி."

அண்ணியின் முகத்தில் பெருமை பொங்கியது. பொட்டலத்தைப் பிரித்தவளுக்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் காருக்கு அவள் கொடுத்ததைவிட எத்தனையோ மடங்கு பணம் இருந்தது. கணவரின் வண்டியைப் பற்றி அண்ணன் சொல்லாமல் விட்ட பதில் அதில் இருந்தது.

உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள், 'அவர் இல்லடி, படு' என்று தன்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவள். அவளுக்கு உலகத்தில் இருப்பது அந்தக் கணவர் ஒருவர்தான்.

"ஆமா அண்ணி. அவர் சொல்லியிருக்காரு" என்றாள்.

"என்னடி அழற? நல்ல விஷயம்தானே!" என்று அண்ணி கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கடன் அடைந்தது. கூரையும் சரியாயிற்று. கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்குக் கடைசி நாளில் இப்போது ஒரு பாடம் கூடுதலாக நடத்துகிறாள். பட்டறையில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தருகிறாள். சொந்தக்காரர் பட்டறையாக இருந்தாலும் கேளுங்கள், சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள், அவரைக் காப்பாற்றின மாதிரியும் இருக்கும் என்பாள். அந்தப் பாடத்தில் மட்டும் அவள் ஜோக் அடிப்பதில்லை.

அண்ணி வீட்டுக்கு அவள் போகவில்லை. தலைவலி, வகுப்பு, வேறு வேலை என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது சொன்னாள். அந்த மேஜையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைய முடியும் என்று தோன்றவில்லை. போன் வருவது குறைந்தது, பிறகு நின்றது.

ஒருநாள் மருந்துக்கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அண்ணி இளைத்திருந்தாள். அவள் ஆசையோடு அண்ணியின் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பணம் கைக்கு வர்ற வரைக்கும் அண்ணி வேணும். வந்ததும் அண்ணி யாரோ, இல்ல? உன்னை இப்படி நினைக்கலடி."

மருந்தை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.