நான்கு மாதத் துருக்கிக்காரி

நான்கு மாதம் நான் துருக்கியில் இருந்தேன். நைரோபியின் கயோலே பேட்டையில், என் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு ஓர் அடி நகராமலே இருந்தேன். இஸ்தான்புல்லில் என் விலாசம் ஒரு கெபாப் கடை. இணையத்தில் தேடிப் பிடித்த விலாசம். அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்கு முன் ஏழு வருடம் நான் இங்கிலாந்துக்காரி. ஏன் என்று கேட்பவர்கள், வீடியோ கேம் விற்கும் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, புதுக் கணக்குத் தொடங்கும்போது வரும் நாடுகளின் பட்டியலைப் பார்க்கட்டும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே எத்தனை தடவை உருட்டினாலும் அதில் கென்யா கிடையாது. அவர்கள் செய்த கேம் பெட்டியை நம் ஊரில் தெருத்தெருவாக விற்பார்கள். வாங்குகிற காசு இனிக்கும். பெட்டிக்குள் போட ஆட்டம் வாங்கப் போனால் மட்டும் நாம் ஊரே இல்லாதவர்கள். எனவே கயோலேயில் விளையாடுகிற அத்தனை பேரும் ஒரு பொய்யைச் சொல்லித்தான் உள்ளே போகிறோம். இரண்டாவது பொய்யில்தான் நான் மாட்டினேன்.

எங்கள் சாமாவில், அதாவது சேமிப்புக் குழுவில், நான்கு பேர். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம், ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். மற்ற சாமாக்களில் அந்தப் பணத்தில் மாடு வாங்குவார்கள், நிலம் வாங்குவார்கள். நாங்கள் ஆட்டம் வாங்குவோம். நான்கு பேருக்கும் கேம் கடை இருக்கிறது. தலைவர் பராசாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இருபது வருடம் மத்தாத்து வேன் ஓட்டிவிட்டு, முதுகு போனபின் கடை போட்டவர். பெரியவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'மஸே'. முத்தேவு முடி பின்னும் கடை வைத்திருக்கிறாள். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு டிவி. ஒடேரா எங்களில் சின்னவன். அவனுக்குக் கடையைவிட வாய் பெரியது. நான்காவது நான், கெருபோ.

எங்கள் நான்கு கடைச் சுவரிலும் ஒரே வாசகம்தான் பெயின்ட்டில் இருக்கும்: தோற்றவர் காசு கொடுக்கணும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: காசு கொடுத்தவர் அடுத்த ஆட்டத்தில் முதலில் அணி எடுக்கலாம்.

ஒரு புதுக் கால்பந்து ஆட்டத்தின் விலையில் ஒரு மாத வாடகை கட்டிவிடலாம். தனியாக வாங்க யாருக்கும் வக்கில்லை. அதனால் நான்கு கடைக்கும் ஒரே கணக்கு. ஏழு வருடத்தில் நாற்பத்தொரு ஆட்டம் சேர்த்திருந்தோம். கணக்கு திறந்திருந்தால்தான் ஆட்டம் திறக்கும். கடவுச்சொல் என்னிடம். நீளமான ஆங்கிலக் கடிதங்களைத் தூங்காமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று என் தலையில் கட்டினார்கள்.

துருக்கி யோசனை என்னுடையது இல்லை. இதை நான் எங்கேயும் அழுத்திச் சொல்வேன். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ஜெபம் முடிந்த கையோடு பராசா தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம கெருபோ இங்கிலாந்து வெல குடுத்து வாங்குறா. அதே ஆட்டம் துருக்கியில பாதி வெலைக்கும் கம்மியாம். என் மச்சான் பையன் சொல்றான். போன்ல ஏதோ வி.பி.என். போட்டா போதுமாம், நாம துருக்கியில இருக்குற மாதிரி காட்டுமாம்."

"பிடிச்சா என்ன பண்ணுவாங்க மஸே?" என்று கேட்டேன்.

"யாரு பிடிக்கிறது? துருக்கி போலீஸ் கயோலேக்கு வருமா? வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். முத்தேவு வழிமொழிந்தாள். நான் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினேன். அப்புறம் ஆசை யாரை விட்டது? எனக்கும் கை துறுதுறுத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் ஜோராகப் போனது. ஒன்பது புது ஆட்டம் வாங்கினோம். பத்தாவது வாங்கும்போது, பணம் கட்டும் பொத்தானை அமுக்கிய அதே நொடியில் கயோலேயில் கரண்ட் போனது. உடனே வந்தும்விட்டது. இணையப் பெட்டி உயிர் பெற்றது; வி.பி.என். பெறவில்லை. காசு கட்டும்போது இஸ்தான்புல்லில் இருந்தவள், ரசீது வரும்போது நைரோபியில் இருந்தேன். விமானத்தால்கூட அப்படிப் பறக்க முடியாது.

மறுநாள் காலை நான்கு கடையிலும் திரையில் ஒரே வரி: இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஆகஸ்ட் பள்ளி விடுமுறையின் முதல் திங்கள்கிழமை அது. வருடத்தில் எங்கள் வயிறு நிறைவது அந்த மாதத்தில்தான். வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், உள்ளே நான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பராசா வேகமாக வந்தார். முதுகு வலி எங்கே போனதோ.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நீங்க சொன்னதைத்தான் பண்ணேன் மஸே."

"நான் வாங்கத்தான் சொன்னேன். மாட்டிக்கச் சொன்னனா? சாவி உன் கையில, பொறுப்பும் உன் தலையில. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள கணக்கு திரும்பி வரணும். வரலைன்னா உன் புதுப் பெட்டிய சாமாவுக்குக் குடுத்துடு."

என்னிடம் இரண்டு பெட்டி. ஒன்று பழசு, தும்மினால் நின்றுபோகும். புதுசு ஒன்றுதான் கடை. அது போனால் நான் மறுபடி அக்காவின் காய்கறித் தட்டுக்கடையில் கீரை நறுக்கப் போகவேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. முன்மொழிந்தவர் அவர், மாட்டிக்கொண்டவள் நான்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதினேன். மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, தாமஸ் என்று ஒருவர் பதில் எழுதினார். மகா மரியாதை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நன்றி. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: நீங்கள் துருக்கியில் வசிப்பதற்குச் சான்றாக ஒரு மின் ரசீதோ தண்ணீர் ரசீதோ அனுப்புங்கள், கணக்கைத் திறந்துவிடுகிறோம். இருப்பிடத்தை மறைத்து வாங்கியிருந்தால், விதிப்படி கணக்கு நிரந்தரமாக மூடப்படும், பணம் திரும்பாது.

ஒடேராவிடம் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"இவ்ளோதானா? தண்ணி ரசீதுதானே? டவுன்ல ஒருத்தன் இருக்கான், கல்யாணமே ஆகாதவனுக்கு விவாகரத்துப் பத்திரம் அடிச்சுக் குடுப்பான். நாளைக்கு உன் கையில இருக்கும். நீ துருக்கியில தண்ணி குடிச்சதுக்கு சாட்சி."

சொன்னபடி வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தான். தாள் வழவழவென்று இருந்தது. நீல முத்திரை, புரியாத எழுத்து, கெபாப் கடை விலாசம். மேலே என் பெயர் கெருபோ யில்மாஸ்.

"யாருடா யில்மாஸ்?"

"உன் புருஷன். துருக்கிக்காரிக்குத் துருக்கிப் பேர் வேணாமா? பார்க்க லட்சணமா இருப்பான், கவலைப்படாத."

அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்து அனுப்ப அரை நிமிடம் போதும். போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது வெளியே தண்ணீர் வண்டிக்காரர் சத்தம் போட்டார். எழுந்து போய் இரண்டு மஞ்சள் கேன் வாங்கி உள்ளே இழுத்துப் போட்டேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகிறது. குழாய்க்கு மீட்டர் இல்லை, மீட்டர் இல்லாததால் ரசீதும் இல்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தாளைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் என் பெயருக்கு வந்த முதல் தண்ணீர் ரசீது அது.

எனக்குச் சுரீர் என்றது. இருபத்தேழு வயதில், இருக்கிற ஊரில் ஒரு சொட்டுக்கும் ரசீது இல்லாதவள், காணாத ஊரில் முப்பது நாளும் தண்ணீர் பிடித்தவளாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எதற்கு? ஒரு பந்தை நான்கு பேர் உதைப்பதற்கு. ஏழு வருடம் இங்கிலாந்து, நான்கு மாதம் துருக்கி, இல்லாத புருஷன் வேறு. போதும் என்று தோன்றியது. விதியை மீறினோம், இல்லை என்று சொல்லவில்லை. அந்த விதிக்குள் நிற்க எங்களுக்கு ஓரடி இடம் எங்கே விட்டார்கள் என்று கேட்கத்தான் வாய் ஊறியது.

தாளை அடுப்பில் போட்டேன். உட்கார்ந்து எழுதினேன்:

'தாமஸ் அவர்களுக்கு, நான் துருக்கியில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. என் பெயர் கெருபோ. கென்யாவில் கயோலேயில் இருக்கிறேன். மலிவாக வாங்க வி.பி.என். போட்டேன். அது உங்கள் விதிக்கு விரோதம் என்று தெரிந்தே செய்தேன். இந்தக் கணக்கு என்னுடையது மட்டும் இல்லை: பராசா, முத்தேவு, ஒடேரா, நான். நான்கு கடை, ஒரே தெரு. ஏழு வருடமாக உங்களுக்குக் காசு கட்டுகிறோம். அந்தக் காசில் பொய் எதுவும் இல்லை. நாங்கள் எந்த ஊர் என்பதில் மட்டும்தான் பொய். அந்தப் பொய்யை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் பட்டியல். அதில் எங்கள் நாட்டைச் சேர்த்தால் அன்றைக்கே உண்மையான விலாசத்தோடு வருகிறோம். எங்கள் விலாசத்தில் தண்ணீர் ரசீது வராது. தண்ணீரே வராது.'

அனுப்பிவிட்டு ஒரு தம்ளர் டீயை ஒரே மடக்கில் குடித்தேன். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் என் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பதில் சனிக்கிழமை வந்தது. நன்றி ஐந்து இடத்தில். கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

ஞாயிறு கூட்டம் முத்தேவின் கடையில். நான் பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போக, ஏழு நிமிடம் தாமதம்.

"தாமதத்துக்கு அபராதம் நூறு," என்றார் பராசா, முகத்தைப் பார்க்காமல். கொடுத்தேன். ஜெபம் முடிந்தது.

"கணக்கு என்னாச்சு?"

"போச்சு மஸே. நானே போக விட்டேன். உண்மையை எழுதிட்டேன்."

ஒடேரா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "ரசீது கொண்டாந்து கையில குடுத்தேனே! பைத்தியமா உனக்கு? நாப்பத்தொண்ணும் ஒம்பதும் அம்பது ஆட்டம்! நீ நல்லவளா இருக்க எங்க சோத்துல மண்ணா?"

அது நியாயமான கேள்வி. இரண்டு நாளாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பராசாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நல்லவளா இருக்கறதுக்கு இல்ல ஒடேரா," என்றேன். "இந்தத் தடவை ரசீது கேட்டான், குடுத்துடலாம். அடுத்த தடவை கரண்ட் போகும். அப்போ என்ன கேப்பான்? யில்மாஸையே கூட்டிட்டு வரச் சொல்லுவான். எங்கிருந்து கொண்டாருவ? என்னைக்குன்னாலும் இது போற கணக்குதான். போறப்ப நம்ம பேரைச் சொல்லிட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"என்ன எழுதின? படி," என்றாள் முத்தேவு. பாதி பின்னிய ஒரு சவுரியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

படித்தேன். பெயர்கள் வந்த இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எங்க பேரையுமா போட்ட?"

"எல்லார் பேரும். ஏழு வருஷமா அந்தக் கணக்குல ஒருத்தர் பேரும் இல்லையே முத்தேவு."

அவள் சவுரியை மடியில் வைத்துவிட்டு, மேலே படிக்கச் சொல்லிக் கை காட்டினாள். தண்ணீர் வரியைப் படித்தபோது ஒடேரா அடக்கப் பார்த்தும் சிரித்துவிட்டான். பராசா சிரிக்கவில்லை.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. பெட்டி?"

துணியை அவிழ்த்து நடுவில் வைத்தேன். ஏப்ரல் குறிப்பேட்டைத் திறந்து முன்மொழிந்தது யார் என்று படித்துக் காட்டியிருக்கலாம். அதற்காகத்தான் பையில் எடுத்தும் போயிருந்தேன். ஆனால் ரசீதை எரித்த முடிவு யாரையும் கேட்காமல் நான் எடுத்தது. அதற்கான விலை என்னுடையது.

"தோத்தவங்கதான் காசு குடுக்கணும். இதோ குடுத்தாச்சு," என்றேன். "காசு குடுத்தவதான் அடுத்த ஆட்டத்துல மொதல்ல எடுக்கணும். அதுவும் உங்க சுவத்துலயே எழுதியிருக்கு மஸே."

"எதை எடுக்கப் போற?"

"டிஸ்க். பழைய கால்பந்து டிஸ்க், சந்தையில குவிஞ்சு கெடக்கு. டிஸ்க் எந்த நாடுன்னு கேக்காது. ஆளுக்கு ரெண்டு வாங்குவோம், வாரத்துக்கு ஒரு தடவை கடை மாத்திக்குவோம். கணக்கும் வேணாம், கெபாப் கடையும் வேணாம். அவங்க பட்டியல்ல நம்ம பேர் ஏறுற அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

"எல்லாம் அரதப் பழசா இருக்குமே," என்றார் பராசா. "அதுல ஆடறவன்ல பாதிப்பேர் ஓய்வு வாங்கியிருப்பான்."

"நீங்க ஓட்டின மத்தாத்துவ விடப் புதுசுதான்."

ஒடேராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பராசா அவனை முறைத்தார். பிறகு தரையில் இருந்த என் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரப் போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். தரவில்லை.

"முன்மொழிஞ்சது கெருபோ. எழுதிக்கோ," என்றார். "வழிமொழியறது யாரு?"

முத்தேவு ஒடேராவைப் பார்த்தாள். ஒடேரா கூரையைப் பார்த்தான். வெளியே யாரோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என் பேனா தாளின் மேல் நின்றது.

பராசா கையைத் தூக்கினார்.

"மஸே, தலைவர் வழிமொழியக் கூடாது. நம்ம விதி," என்றான் ஒடேரா.

"தெரியும்டா. அந்த விதியப் போட்டவனே நான்தான்." கையை இறக்காமலே மறு கையால் சட்டைப் பையிலிருந்து நூறு ஷில்லிங் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "அபராதம். அதையும் எழுதிக்கோ."

எழுதினேன்.