ஐஸ் பெட்டிப் பக்கத்தில் நாலு கட்டை

பெரியண்ணன் எவரையும் நம்புகிற ஆள் இல்லை. அதிலும் நெத்திலைட்டுக்குச் சார்ஜ் போடுகிற விஷயத்தில் பெற்ற மகனைக்கூட நம்பியது கிடையாது. லைட்டுக்கென்று நாலு பேட்டரிக் கட்டை வைத்திருந்தார். ஒரு கட்டை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும். இருட்டியதிலிருந்து விடிகிறவரை வயலில் பன்றி விரட்ட நாலும் வேண்டும். விடியக்காலம் வீடு திரும்பியதும் நாலையும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டுதான் படுப்பார். முழித்த பிறகு தன் கையாலேயே செருகி, சிவப்பு விளக்கு பச்சையாகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பச்சையானாலும் நம்ப மாட்டார். இன்னும் கால் மணி நேரம் போகட்டும் என்று விட்டு வைப்பார்.

அன்றைக்கு அவர் முழித்தபோது மணி பத்து. மேலே காற்றாடி நின்றிருந்தது.

"ஒம்பது மணிக்கே போயிருச்சு மாமா. சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். மெசேஜ் வந்திருக்குன்னு நேத்தே சொன்னேன்ல?" என்றாள் மருமகள் காவ்யா.

"மெசேஜ்ல வாரதெல்லாம் நெசமா?"

"இப்பப் போயிருக்கறது நெசந்தானே? காலையிலயே சாவியக் குடுத்திருந்தா நானே போட்டு விட்டிருப்பேன். வெள்ளெனவே ஏறியிருக்கும்."

"நீ போட்டுட்டு டிவி பாக்கப் போயிருவ. கட்டை ஊதிப் போயிரும்."

சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியைப் பார்த்தார். நாலு கட்டையும் காலி. ஐந்து மணிக்குக் கரெண்டு வந்தாலும் ஏறி முடிக்க ஒன்பது ஆகிவிடும். பன்றிகள் ஆறரைக்கே கண்மாய்க் கருவைப் புதருக்குள்ளிருந்து இறங்கிவிடும்.

சாதாரண நாளாக இருந்தால் தகரத்தைத் தட்டியாவது சமாளித்திருப்பார். அன்றைக்கு மூன்றாவது ராத்திரி. பக்கத்து வயல் குணசேகரன் அவன் மோட்டார் ரூமிலிருந்து கரெண்டுக் கம்பி இழுத்து, ரெண்டு பேர் வயலையும் சேர்த்துச் சுற்றிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக நிற்கிறான். கம்பிச் சுருளும் கம்புகளும் வரப்பில் வந்து கிடக்கின்றன. பெரியண்ணன் வரப்பைத் தாண்டாமல் கம்பி போக முடியாது. அவர் முடியாது என்றுவிட்டார். கடைசியில் கண்மாய்ப் பாசனக்காரர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள்: மூன்று ராத்திரி பெரியண்ணன் தனியாளாகக் காக்கட்டும், மூன்றில் ஒரு ராத்திரி பன்றி கதிரில் வாய் வைத்தாலும் குணசேகரன் கம்பி கட்டலாம். இரண்டு ராத்திரி தாண்டியாயிற்று.

காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெற்குத் தெருவிலிருந்து பறைச் சத்தம் கேட்டது.

"யாருடி?"

"முத்துமாரி அத்தை, மாமா. குணசேகரன் அண்ணனோட அம்மா. விடியக்காலம் போயிருச்சாம். நீங்க அசந்து தூங்குறீங்கன்னு எழுப்பல."

முத்துமாரியம்மாள் அவருக்குத் தங்கச்சி முறை. டம்ளரைக் கீழே வைத்தார். பறை ஓய்ந்த இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்டது. டுபுடுபுவென்று, நிற்காமல்.

"அது என்னா சத்தம்?"

"ஜெனரேட்டரு. ஐஸ் பெட்டிக்கு."

பெரியண்ணன் எழுந்து, தகரப் பெட்டியைத் திறந்து, நாலு கட்டையையும் சார்ஜர் ஒயர்களையும் மஞ்சள் பைக்குள் போட்டார்.

"மாமா! எழவு வீட்டுக்கா இதத் தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

"எழவுக்கும் போவணும், சார்ஜும் ஏத்தணும். ரெண்டு நடை நடக்க எனக்குக் காலு இல்ல."

குணசேகரன் வீட்டுப் பந்தலில் ஆட்கள் இருந்தார்கள். பெரியண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே உள்ளே போய் ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றார். கண்ணாடிக்குள் முத்துமாரி சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கிக் கிடந்தாள். "போயிட்டியா ஆத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்தார். பெட்டியின் காலடியில் ஒரு நீளப் பிளக் பலகை கிடந்தது. ஒரு ஓட்டையில் ஐஸ் பெட்டி. மிச்சம் நாலும் காலி. பையைத் திறந்தார். ஒவ்வொன்றாகச் செருகினார். நாலு சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒப்பாரி பாதியில் நின்றது. குணசேகரன் பெண்சாதி பிரகதீஸ்வரி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, என்னா பண்ணுறீங்க?"

"நீ அழு தாயி. நான் ஒம் பாட்டுக்குக் குறுக்க வரல."

ஐஸ் பெட்டி கொண்டுவந்த சார்லஸ் வாசலிலிருந்து ஓடிவந்தான். "தாத்தா, இது பெட்டிக்கு மட்டுந்தான். வேற எதையும் மாட்டக் கூடாது."

"நாலும் சேந்து ஒரு பல்பு குடிக்கிற கரெண்டத்தான் குடிக்கும். அதுக்கே படுத்துருமா ஒன் மிசினு?"

"எது? இது கல்யாண மண்டபத்தையே தாங்கும் தாத்தா!"

"அப்பறம் என்னாடா? போ."

சார்லஸ் வாசலுக்குத் திரும்பியபோது பந்தலிலிருந்து குணசேகரன் வந்தான். சட்டையில்லை. கண் வீங்கியிருந்தது. பிளக் பலகையைப் பார்த்தான், பெரியண்ணனைப் பார்த்தான்.

"இன்னிக்கு மூணாவது ராத்திரி. அதான மாமா?"

"அதான்."

"எங்க வீட்டுக் கரெண்டுலயே என்னையத் தோக்கடிக்க வந்திருக்கீங்க."

"ஒங்க வீட்டுக் கரெண்டு அஞ்சு மணிக்குத்தான் வரும் மாப்ள. இது சார்லசு டீசலு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். குணசேகரனுக்கு முகம் சிவந்தது.

"எங்க ஆத்தா கெடக்குது இங்க. கொஞ்சம்கூட ஈரம் இல்லையா ஒங்களுக்கு? புடுங்கி எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"ஒங்க ஆத்தா இன்னிக்கு எந்த வழியாச் சுடுகாட்டுக்குப் போகும்?"

குணசேகரன் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொல்லவா? எங் கெழக்கு வரப்பு வழியா. வேற பாதை கெடையாது. நாளைக்கு விடியுமுன்ன பால் தெளிக்க நீ எந்த வழியாப் போவ? அதே வரப்பு. ஒங் கம்பி அதுல ஓடிக்கிட்டு இருந்தா எவன்டா முன்னால காலு வைக்கிறது?"

"சுவிட்ச நிறுத்திட்டுத்தான் போவோம்."

"யாரு நிறுத்துவா?"

"நாந்தான்."

"ஒஞ் சட்டை இப்ப எங்க கெடக்குன்னு சொல்லு பாப்பம்." பெரியண்ணன் குரலை உயர்த்தவில்லை. "தெரியாதுல்ல? தாயி செத்த அன்னிக்கு ஒனக்குச் சுவிட்சு ஞாபகம் வருமா? பன்னிக்கு வைக்கிற கம்பிக்கு மனுசன் காலு தெரியாது மாப்ள. நான் ஒருத்தனையும் நம்ப மாட்டேன். என்னையவும் சேத்துத்தான். இன்னிக்குக் கரெண்டு இருந்த நேரமெல்லாம் சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத் தூங்கினவன் நான். அந்தத் தப்புக்கு நெல்லுதான் போகும். நீ சுவிட்ச மறந்தா ஆளு போகும்."

உறவுக்காரன் ஒருவன், "என்னண்ணே, பேசவிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று குனிந்து ஒரு ஒயரைப் பிடுங்கினான். பெரியண்ணன் அவன் கையிலிருந்து அதை வாங்கி, மறுபடி செருகினார். குணசேகரன் பந்தலுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு யாரும் ஒயரில் கை வைக்கவில்லை. பெரியண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மணிக்கெல்லாம் எடுக்க ஆயத்தமாகிவிட்டார்கள். நீர்மாலைக் குடம் வந்தது. முத்துமாரியைப் பெட்டியிலிருந்து தூக்கிக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தார்கள். இரண்டு விளக்கு பச்சையாகியிருந்தது. இரண்டு இன்னும் சிவப்பு. சார்லஸ் ஜெனரேட்டரை நிறுத்தப் போனான்.

"நிறுத்தாத!" என்று உள்ளேயிருந்தே கத்தினார் பெரியண்ணன்.

"பெட்டி காலியாயிருச்சு தாத்தா. இனி எதுக்கு டீசல எரிக்கிறது?"

குணசேகரன் கொள்ளிச் சட்டியோடு தெருவில் இறங்கியிருந்தான். இறங்கிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"சார்லஸ், ஓடட்டும்."

பறை முழங்கியது. பாடை நகர்ந்தது. பெரியண்ணன் உடன் போகவில்லை. தெருமுனை திரும்புகிறவரை எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

பெண்கள் வீடு கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியண்ணன் பிளக் பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்திரிங்க பெரியப்பா, அந்த எடத்தக் கழுவணும்" என்றாள் பிரகதீஸ்வரி.

"கழுவு. காலத் தூக்கிக்கிறேன்."

அழுது ஓய்ந்திருந்தவள் தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றரைக்கு நாலும் பச்சை. மூன்றே முக்கால் வரை இருந்துவிட்டு எழுந்தார். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. நன்றி என்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தலைக்குக் குளித்து, ரெண்டு வாய் சாப்பிட்டு, ஆறு மணிக்கு வரப்பில் இருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சுடுகாட்டிலிருந்து ஆட்கள் கண்மாயில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். கடைசியாக, மொட்டைத் தலையோடு குணசேகரன். கம்பிச் சுருளுக்கு அருகே நின்றான்.

"நாளைக்கு வெள்ளென நாலு மணிக்குப் பால் தெளிக்க வருவோம் மாமா."

"வாங்க."

"வரப்புல லைட்டக் காட்டுங்க."

"காட்டுறேன். கம்பி?"

குணசேகரன் சுருளைக் காலால் எத்திப் பார்த்தான். "ஆளனுப்பி எடுத்துக்கிறேன்."

"எப்ப?"

"என்னைய ஒரு தடவையாச்சும் நம்புங்க மாமா."

"எடுத்த பெறகு நம்புறேன்."

குணசேகரன் குனிந்து, சுருளைத் தானே தூக்கி ஈரத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பெரியண்ணன் நெத்திலைட்டைப் போட்டு, அவன் காலுக்கு முன்னால் வெளிச்சம் பிடித்தார். சுருளின் கனத்தில் அவன் மெதுவாகத்தான் போனான்.

"வெரசாப் போடா," என்றார் பெரியண்ணன். "சார்ஜு எறங்குது."